ஆனியில் நட்டு மார்கழியில் கிண்டுவது: இங்கிலாந்து அலாட்மென்டில் குளிர்காலத் தோட்டமும் சமையலும்

லண்டனில் அலாட்மென்ட் (வாடகைத் தோட்டத்துண்டு) எடுக்கிற நம்மாட்கள், எனக்குத் தெரிந்தவரை, முதல் வருடம் ஒரே பிழையைத்தான் விடுகிறோம். சித்திரை பிறந்ததும் வெண்டி, கத்தரி, பயற்றங்காய், பச்சைமிளகாய் என்று ஊர் மரக்கறிகளுக்குப் பின்னால் ஓடுவோம். வெண்டி முழங்கால் உயரம் வந்து இரண்டு காய் தந்துவிட்டு செப்டம்பரில் கறுத்துப்போகும். ஒக்டோபரில் துண்டு மொட்டையாகக் கிடக்கும். கொட்டிலைப் பூட்டிவிட்டு மார்ச் வரை அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

நத்தாருக்கு முந்தின வாரம் ஒருநாள், விட்டுவிட்டு வந்த வாளியை எடுக்கப் போனேன். பக்கத்துத் துண்டுப் பெரியவர், எண்பதை நெருங்கும் ஆங்கிலேயர், விறைத்த மண்ணில் ஃபோர்க்கைக் குத்தி லீக்ஸ் (வெங்காயக் குடும்பத்து நீளத்தண்டு மரக்கறி) கிளப்பிக்கொண்டிருந்தார். அவருடைய துண்டில் பாதி பச்சையாக நின்றது. இதெல்லாம் எப்போது நட்டீர்கள் என்று கேட்டேன். ஜூனில் என்றார். இப்போது நடுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். உள்ளி (பூண்டு) மட்டும்தான், அதுவும் பிந்திவிட்டது என்று சிரித்தார்.

குளிர்காலத்தில் இங்கே எதையும் வளர்ப்பதில்லை. வளர்ந்து முடிந்ததை மண்ணிலேயே நிற்க விட்டு, வேண்டியபோது போய் எடுக்கிறோம், அவ்வளவுதான். நவம்பர் தொடக்கத்திலிருந்து பெப்ரவரி முற்பகுதிவரை லண்டனில் பகல் 10 மணித்தியாலத்துக்கும் குறைவு. டிசம்பர் 21 அளவில் 8 மணித்தியாலம்கூட இல்லை. அந்த வெளிச்சத்தில் செடி அநேகமாக உறங்கிவிடும். யாழ்ப்பாணத்தில் மாரி மழையோடுதான் விதைப்புத் தொடங்கும். இங்கே அதே மாதங்கள் வருவதற்குள் எல்லா வேலையும் முடிந்திருக்க வேண்டும். இந்தத் தலைகீழ்க் கணக்கு மண்டையில் ஏறிவிட்டால் மிச்சம் கஷ்டமில்லை.

எவ்வளவு நிலம்?

அலாட்மென்ட் என்பது பெரும்பாலும் கவுன்சில் குறைந்த வாடகைக்குத் தரும் தோட்டத்துண்டு. கேட்பவர்களுக்கு நிலம் ஒதுக்கும் கடமையை 1908ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூர்ச் சபைகள்மேல் வைத்தது. பழைய முழுத் துண்டின் அளவு 10 ரொட், அதாவது ஏறத்தாழ 250 சதுர மீட்டர். ரொட்டும் பேர்ச்சும் ஒரே அளவுதான். பத்துப் பேர்ச் என்றால் யாழ்ப்பாணக் கணக்கில் சரியாக ஒரு பரப்பு! முதல் நாள் துண்டைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் “ஒரு பரப்பில அரைவாசி” என்று சொன்னபோது அவருக்கு உடனே பிடிபட்டது. இப்போது காத்திருப்போர் பட்டியல் நீளம் என்பதால் பல இடங்களில் அரைத் துண்டுதான் தருகிறார்கள். நாலு பேர் கொண்ட வீட்டின் குளிர்கால மரக்கறிக்கு அரைத் துண்டின் பாதியே போதும். மிச்சத்தில் வழக்கம்போல உங்கள் வெண்டிக்காய் ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம்.

முதலில் மண்

குளிர்காலப் பயிர்களில் பாதி கோவாக் குடும்பம்: கேல் (கீரைபோலச் சமைக்கும் இலைக்கோவா), கோவா (முட்டைக்கோஸ்), பிரஸல்ஸ் ஸ்ப்ரௌட்ஸ் (தண்டோடு ஒட்டி வரும் குட்டிக்கோவா உருண்டைகள்), புரொக்கோலி. இவற்றுக்கு ‘கிளப் ரூட்’ என்ற ஒரு நோய் வரும். வேர் குண்டாந்தடிபோல வீங்கி, செடி வெயிலில் வாடி நிற்கும். அதன் வித்துகள் மண்ணில் 20 வருடம்வரைகூட உயிரோடு கிடக்கும், மருந்தும் இல்லை. அதனால் துண்டை எடுத்ததும் பக்கத்துத் துண்டுக்காரர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இங்கே கிளப் ரூட் இருக்கிறதா என்பதுதான். இருந்தால் நாற்றை வீட்டில் சட்டியில் பெரிதாக வளர்த்துப் பிறகு நடுங்கள். முந்தின இலையுதிர்காலத்திலேயே தோட்டச் சுண்ணாம்பு போட்டுவையுங்கள். புளிப்பு மண்ணில்தான் இந்த நோய்க்குக் கொண்டாட்டம். எரு போடும் அதே நேரத்தில் சுண்ணாம்பைப் போட வேண்டாம், இரண்டுக்கும் நடுவே சில வாரம் விடுங்கள்.

கோவாக் குடும்பத்தை வருடா வருடம் பாத்தி மாற்றி நடுங்கள். போன வருடம் போஞ்சி நின்ற இடம் இவற்றுக்கு நல்லது. இன்னொன்று, பாத்தியைக் கிண்டிப் பஞ்சுபோல ஆக்காதீர்கள். ஊரில் எந்தப் பயிருக்கும் மண்ணைப் புரட்டிப்போட்டுப் பழகிய கைக்கு இது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். பிரஸல்ஸ் ஸ்ப்ரௌட்ஸுக்குக் காலால் மிதித்து இறுக்கிய மண்தான் வேண்டும். நட்ட பிறகு இலை ஒன்றைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். செடி கிளம்பாமல் இலை கிழிய வேண்டும்.

பார்ஸ்னிப்புக்கு (கரட் மாதிரி ஒரு வெள்ளைக் கிழங்கு) இதற்கு நேர்மாறு. ஆழமாகக் கிண்டிய, கல் இல்லாத மண் வேண்டும், புது எரு கூடாது. எரு போட்ட பாத்தியில் கிழங்கு இரண்டு மூன்று காலாகப் பிரிந்துவிடும். தோலைச் சீவி முடிக்கையில் சமைக்க ஒன்றும் மிஞ்சாது.

எதை எப்போது போடுவது

மார்ச், ஏப்ரலில் லீக்ஸும் பிரஸல்ஸ் ஸ்ப்ரௌட்ஸும் நாற்று போட வேண்டும். ஜன்னலோரத் தட்டு போதும். பார்ஸ்னிப்பை ஏப்ரலில் நேரே பாத்தியில் போடுங்கள். சில விதைப் பைக்கற்றுகளில் பெப்ரவரி என்று எழுதியிருக்கும், அதை நம்பிப் போட்டு இரண்டு தரம் ஏமாந்திருக்கிறேன். ஈரக்குளிர் மண்ணில் விதை அழுகிப்போகிறது. பார்ஸ்னிப் விதை ஒரு வருடத்துக்குமேல் நம்பகமில்லை, ஒவ்வொரு வருடமும் புதிது வாங்குங்கள். முளைக்க நாலு வாரம்கூட எடுக்கும். அதற்குள் களை மூடி வரிசை தெரியாமல் போய்விடும் என்பதால், அதே வரிசையில் நடுவே முள்ளங்கி விதையைத் தூவிவிடுவது இங்கத்தைய பழைய உபாயம். முள்ளங்கி சில நாளில் முளைத்து வரிசையைக் காட்டும். பார்ஸ்னிப் தலைகாட்டிக் கொஞ்சம் வளருகையில் முள்ளங்கியைப் பிடுங்கிச் சாப்பிட்டுவிடலாம். பார்ஸ்னிப்பை 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாக விட்டு மிச்சத்தைப் பிடுங்கிவிடுங்கள். வெயில் நாளில் பார்ஸ்னிப் இலையில் வெறும் கை படக்கூடாது. அதன் பால் பட்ட தோல் வெயிலில் கொப்பளிக்கும்.

ஏப்ரல் முதல் ஜூன்வரை கேலும் பர்ப்பிள் ஸ்ப்ரௌட்டிங் புரொக்கோலியும் (ஊதா மொட்டு விடும் வகை) நாற்று போடலாம். கேலில் எங்கள் சமையலுக்கு ‘நீரோ டி டொஸ்கானா’ என்ற கரும்பச்சை நீள இலை வகைதான் சரி. சுருட்டை இலை வகையும் நன்றாக நிற்கும், ஆனால் கழுவுகிறபோது பேனும் கம்பளிப்பூச்சியும் மடிப்புகளுக்குள் ஒளிந்துகொள்ளும். குளிர்காலக் கோவாவில் ‘ஜனவரி கிங்’ பெயருக்கு ஏற்றபடி நிற்கிறது.

ஜூன், ஜூலைதான் நடுகைக் காலம். கேல் 45 சென்டிமீட்டர் இடைவெளியில், ஸ்ப்ரௌட்ஸ் 60 முதல் 75வரை. நடும்போது பாத்தி வெறிச்சோடியிருப்பதாகத் தோன்றும். நடுவில் இன்னொன்று செருகலாமே என்று கை துறுதுறுக்கும், செருக வேண்டாம்.

லீக்ஸ் நடுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எனக்கு இந்த வேலையில் ஒரு தனிச் சந்தோஷம். நாற்று பென்சில் தடிப்புக்கு வந்ததும் கிளப்புங்கள். உடைந்த மண்வெட்டிப் பிடி ஒன்றைக் கூராகச் சீவி வைத்திருக்கிறேன். அதை 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குத்தி, சுழற்றி எடுத்தால் சுவர் சரியாத துளை ஒன்று கிடைக்கும். துளைக்கு ஒரு நாற்று. அடியில் வேர் போய் இருக்க வேண்டும், மேலே இலை நுனி மட்டும் எட்டிப்பார்க்கும். அப்புறம் மண் போட்டு மூடாதீர்கள். பூவாளியால் துளை நிறையத் தண்ணீர் விடுங்கள், அதோடு வேலை முடிந்தது. தண்ணீர் கொண்டுபோகும் மண் வேரைப் பிடித்துக்கொள்ளும். மிச்ச இடம் மழையோடு தானாக மூடும். வெளிச்சம் படாத அந்த ஆழம்தான் பிறகு வெள்ளைத் தண்டாகிறது. நாற்றுக்கு நாற்று 15, வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர். ‘மஸல்பரோ’ என்ற ஸ்கொட்லாந்து வகை எந்தக் கூதலுக்கும் அசையாது.

லீக்ஸுக்கு ஒரு சனியன் உண்டு, அலியம் லீஃப் மைனர் என்ற சிறு ஈ. பிரிட்டனில் 2002இல்தான் முதலில் கண்டார்கள். வசந்தத்தில் ஒருமுறையும் இலையுதிர்காலத்தில் ஒருமுறையும் வந்து முட்டையிடும். வெளியே செடி நன்றாகத்தான் இருக்கும். வீட்டில் வெட்டினால் உள்ளே அரிசிமணியளவு பழுப்புக் கூடுகள் வரிசையாக இருக்கும். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர்வரை நுண்கண்ணிப் பூச்சி வலையால் மூடிவைப்பதைத் தவிர வேறு வழி எனக்குப் பலிக்கவில்லை.

ஓகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் வாரத்தில் கீரைகளுக்குக் கடைசி வாய்ப்பு: குளிர்காலப் பசளிக்கீரை, பக் சோய், கடுகுக்கீரை. கொத்தமல்லியையும் இப்போது தூவுங்கள். கோடையில் பத்து நாளில் பூத்து ஏமாற்றும் அதே கொத்தமல்லி, குளிரில் பூக்க அவசரப்படாமல் நிலத்தோடு படர்ந்து நிற்கும். ஃப்ளீஸ் என்ற மெல்லிய தோட்டத் துணியைப் போர்த்தினால் ஜனவரியிலும் நாலு இணுக்கு கிள்ளலாம். வெந்தயக்கீரைக்கு அந்தத் தைரியம் இல்லை, முதல் உறைபனியோடு படுத்துவிடும்.

ஒக்டோபர், நவம்பரில் உள்ளியும் பெரிய அவரையும் (broad beans). உள்ளிக்கு ஒன்றிரண்டு மாதம் நல்ல குளிர் பட்டால்தான் அது பல்லுப்பல்லாகப் பிரியும். குளிர் படாவிட்டால் ஒற்றை உருண்டையாகிவிடும். பல்லின் நுனி மேலே பார்க்க, 15 சென்டிமீட்டர் இடைவெளியில் மண்ணுக்குக் கொஞ்சம் கீழே ஊன்றுங்கள். பெரிய அவரையில் இலையுதிர்கால விதைப்புக்கு ‘அக்வாடுல்சே கிளாடியா’ என்று பார்த்து வாங்குங்கள். 5 சென்டிமீட்டர் ஆழம். எலி தோண்டித் தின்னும், அதனால் நாலு விதை கூடுதலாக வையுங்கள்.

பூசணி கோடைப் பயிர்தான். ஆனால் சாம்பல்நீலத் தோல் ‘கிரௌன் பிரின்ஸ்’ மாதிரி ஒரு வகையை நட்டு, உறைபனிக்கு முன் காம்போடு வெட்டி, பத்து நாள் வெயிலிலோ ஜன்னலோரத்திலோ தோல் இறுக வைத்தால், குளிரான அறையில் பெப்ரவரி தாண்டியும் கெடாது. எங்கள் வீட்டில் மாடிப்படிக்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கும். விருந்தாளிகள் கண்ணூறுக்கு வைத்தது என்று நினைக்கிறார்கள்.

புறா, காற்று, பனி

இரண்டாம் வருடம் எல்லாம் சரியாக நட்டேன். நவம்பரில் கேல் இடுப்பளவு நின்றது. மரத்தில் தின்ன ஒன்றும் இல்லாத ஜனவரி வந்ததும் காட்டுப்புறாக்கள் நாலே நாளில் நடு நரம்பை மட்டும் குடைக்கம்பி மாதிரி விட்டுவிட்டு மிச்சத்தை முடித்துவிட்டன. ஓகஸ்டில் வெள்ளை வண்ணத்திக்காகக் கட்டிய வலையை, வண்ணத்தி போய்விட்டதே என்று செப்டம்பரில் நானே கழற்றி வைத்திருந்தேன். நாற்று நட்ட நாளிலிருந்து ஏப்ரல்வரை வலை இருக்க வேண்டும். வண்ணத்திக்கு 7 மில்லிமீட்டர் கண்ணிக்கு மேல் போகக்கூடாது. அதுவே புறாவையும் தடுக்கும். வலை இலையில் தொடாதபடி உயர்த்திக் கட்டுங்கள். பனி கொட்டினால் அன்றே போய்த் தட்டிவிட வேண்டும், ஈரப்பனியின் பாரத்தில் சட்டம் முறிந்து செடியின் மேலேயே விழும்.

காற்றுக்கு ஸ்ப்ரௌட்ஸும் புரொக்கோலியும் ஆடத் தொடங்கினால் வேர் அறுந்து, உருண்டைகள் இறுகாமல் பூவாக விரியும். ஒக்டோபரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தடி ஊன்றிக் கட்டி, அடியில் மண் அணைத்து மிதித்துவிடுங்கள்.

உறைபனிக்குப் பயப்பட வேண்டாம், நீங்கள் காத்திருந்ததே அதற்குத்தான். குளிர் பட்டதும் பார்ஸ்னிப்பும் ஸ்ப்ரௌட்ஸும் கேலும் உறையாமல் தப்ப மாப்பொருளைச் சீனியாக மாற்றிக்கொள்கின்றன. சீனி கரைந்த சாறு இலகுவில் உறையாது. ஒக்டோபரில் கிண்டிய பார்ஸ்னிப்பையும் தையில் கிண்டியதையும் அடுத்தடுத்துக் கடித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே பயிர் என்று நம்பமாட்டீர்கள்.

குளிரில் போய் எடுப்பது

வாரம் ஒருநாள், மதியம் போங்கள். காலையில் உறைந்த கேலைக் கிள்ளினால் கண்ணாடிபோல முறிந்து, வீடு வர முன் கறுத்துவிடும். கேலைக் கீழ் இலையிலிருந்து கிள்ளிக்கொண்டு வாருங்கள், நுனியைத் தொடாதீர்கள். ஸ்ப்ரௌட்ஸையும் அடியிலிருந்து மேலே. கடைசியில் தலைக்கொழுந்தையும் வெட்டிச் சமைக்கலாம்.

லீக்ஸை இழுத்தால் பாதியில் அறும். பக்கத்தில் ஃபோர்க்கைக் குத்தி நெம்புங்கள். வேரையும் கிழிந்த இலைகளையும் அங்கேயே வெட்டி எருக்குழியில் போட்டுவிட்டால் குசினியில் சண்டை குறையும். மண் கல்லாக இறுகும் என்று வானிலை அறிக்கை சொன்னால், முதல்நாளே ஒரு வாரத்துக்கான லீக்ஸையும் பார்ஸ்னிப்பையும் கிளப்பி, கொட்டிலுக்குப் பக்கத்தில் தளர்வான மண்ணில் சாய்த்துப் புதைத்துவையுங்கள். மழை ஊறிய பாத்தியில் கால் வைக்காதீர்கள், ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் நில்லுங்கள். லண்டன் களிமண்ணை ஒருமுறை மிதித்து இறுக்கினால் வசந்தம்வரை அழ வேண்டும்.

குசினியில்

லீக்ஸ் எங்களுக்குப் புதிதல்ல. நுவரெலியாவிலிருந்து வந்து ஊர்ச் சந்தையில் கிடந்ததுதான். வெள்ளைத் தண்டை எடுத்துப் பச்சையை எறிகிற இங்கத்தைய வழக்கம் எனக்கு இன்னும் ஒத்துவரவில்லை, பச்சையில்தான் மணம். நீளப்பாட்டில் பிளந்து, மடிப்புகளை விரித்து ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். மண் அங்கேதான் இருக்கும். இரண்டு லீக்ஸை மெல்லிய வளையமாக அரிந்து, சிறிதாக வெட்டிய ஓர் உருளைக்கிழங்கோடு, எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் வெடித்ததும் போடுங்கள். அரைத் தேக்கரண்டி மஞ்சள், ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், உப்பு. தண்ணீர் வேண்டாம், மூடி வேண்டாம், நடுத்தர நெருப்பில் கால்மணி நேரம். லீக்ஸ் தன் ஈரத்திலேயே சுருண்டு இனிக்கும். சுடுசோறு, பருப்பு, இது, போதும்.

கேலை நாங்கள் முருங்கையிலையாக நினைத்து வறை செய்கிறோம். நடுத்தண்டை உருவி எறிந்துவிட்டு, பத்து இலையை ஒன்றாகச் சுருட்டி, புகையிலை அரிகிற மாதிரி நூலாக அரியுங்கள். வறையின் ருசி கத்தியில்தான் இருக்கிறது. தடிப்பாக அரிந்தால் மாடு மாதிரி அசைபோட வேண்டும். கடுகு, ஒரு சின்ன வெங்காயம், இரண்டு செத்தல் மிளகாய் தாளித்து, கேலையும் ஒரு சிட்டிகை மஞ்சளையும் போட்டு, கை நனைத்துத் தண்ணீர் தெளித்து நாலு நிமிடம் மூடுங்கள். திறந்து நாலு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ போட்டு ஈரம் வற்றப் பிரட்டுங்கள். தேசிக்காய்ப்புளியை அடுப்பை அணைத்த பிறகு விடுங்கள், முன்னால் விட்டால் பச்சை நிறம் செத்துவிடும்.

பிரஸல்ஸ் ஸ்ப்ரௌட்ஸுக்கு இருக்கும் கெட்ட பெயர் முழுவதும் அவித்த குற்றம். அதிக நேரம் அவித்தால் கந்தக நாற்றம் எழும்பும். இரண்டாகப் பிளந்து, வெட்டின பக்கம் கீழே இருக்க, தாச்சியில் நல்ல சூட்டில் கிளறாமல் விட்டுப் பொன்னிறமாக்குங்கள். பிறகு கடுகு, உள்ளி, இடித்த மிளகு. கடுகும் கோவாவும் ஒரே குடும்பம், சட்டிக்குள் சண்டை பிடிப்பதில்லை.

பார்ஸ்னிப்தான் எங்களைச் சுற்ற வைத்தது. வீடியோவில் அம்மாவுக்குக் காட்டினேன். “உதென்ன பிள்ளை, வெள்ளைக் கரட்டோ?” என்றார். கரட்டின் உறவுதான், ஆனால் இனிப்பு அதிகம், ஒரு வாசனையும் இருக்கும். பால்கறி வைத்தோம், பாயாசத்துக்குப் பக்கத்தில் நின்றது. கத்தரிக்காய்க் குழம்பு மாதிரிப் புளி விட்டுப் பாரன் என்றது அம்மாதான். தோல் சீவி, பெரிய கிழங்கானால் நடுவிலுள்ள கட்டைத்தண்டை எடுத்துவிட்டு, விரல் நீளத்துக்கு வெட்டி எண்ணெயில் ஓரம் சிவக்கப் பொரித்தெடுங்கள். அதே எண்ணெயில் வெந்தயம், பெருஞ்சீரகம், வெங்காயம், பத்துப் பல் உள்ளி வதக்கி, இரண்டு மேசைக்கரண்டி கறித்தூளும் எலுமிச்சையளவு புளிக்கரைசலும் விட்டுக் கொதித்ததும் கிழங்கைப் போடுங்கள். பத்து நிமிடத்தில் அரைக் கப் தேங்காய்ப்பால். இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று இழுத்துப்பிடிக்கும். எங்கள் தைப்பொங்கல் மத்தியானச் சாப்பாட்டில் இப்போது இதற்கு நிரந்தர இடம்.

மார்ச்சுக்குப் பிறகு

கடினமான மாதங்கள் ஏப்ரலும் மேயும்தான். இங்கத்தையவர்கள் இதைப் ‘பசி இடைவெளி’ என்பார்கள். போன வருடத்தது முடிந்து, இந்த வருடத்தது இன்னும் வராத காலம். லீக்ஸ் நடுவே கட்டைத்தண்டு விட்டுப் பூக்கத் தொடங்கும், பார்ஸ்னிப் மறுபடி தளிர்த்துக் கட்டையாகும். மார்ச் கடைசிக்குள் இரண்டையும் கிளப்பித் தீர்த்துவிடுங்கள்.

இந்த இடைவெளிக்காகத்தான் பர்ப்பிள் ஸ்ப்ரௌட்டிங் புரொக்கோலி பத்து மாதமாக இடம் பிடித்துக்கொண்டு நிற்கிறது. டிசம்பரில் ஒன்றும் தராமல் நிற்கும்போது பிடுங்கி எறியத் தோன்றும். எங்கள் வீட்டில் இதைப் பற்றி வருடா வருடம் ஒரு வாக்குவாதம் நடக்கும். பெப்ரவரி கடைசியில் ஊதா மொட்டுகள் தலைகாட்டும். நடுமொட்டை முதலில் வெட்டிவிட்டால் பக்கத்திலிருந்து இன்னும் இன்னும் வந்துகொண்டே இருக்கும். பூ விரிய விடாமல் மூன்று நாளைக்கு ஒருமுறை கிள்ளுங்கள். தண்டோடு இரண்டு நிமிடம் ஆவியில் வைத்து, சொதி கொதித்து இறங்கும்போது போடலாம். ஊதா நிறம் சட்டிக்குள் பச்சையாக மாறுவதைப் பார்க்கச் சின்னவள் கதிரையை இழுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்துவிடுவாள்.

அதற்குள் லீக்ஸ் நாற்றுத் தட்டு ஜன்னலோரம் வந்திருக்கும்.